இன்ட்ராமுரோஸ்: மணிலா மதிலுக்குள் எது பழங்கல், எது புதுக்கல்

மணிலாவின் கோட்டை நகரமான இன்ட்ராமுரோஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று முகம் வாடித் திரும்புகிறவர்கள் பலர். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓட்டுக்கூரை வீடுகளும் மரச் சன்னல்களும் வரிசையாக நிற்கும் ஸ்பானிய வீதி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வந்தால், முதல் திருப்பத்திலேயே கல்லூரிக் கட்டடமும் நிறுத்தி வைத்த கார்களும்தான் கண்ணில் படும். அப்படிப்பட்ட வீதிதான் வேண்டுமென்றால் வடக்கே விகன் நகரத்துக்குப் பஸ் ஏறுவது நல்லது. இன்ட்ராமுரோஸின் கதை வேறு. 1945 பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை அமெரிக்க, ஜப்பானியப் படைகளுக்கு இடையே நடந்த சண்டையில் சுமார் 64 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நகரம் ஏறக்குறைய தரைமட்டமானது. மணிலா முழுவதிலுமாக ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று மதிலுக்குள் நிற்பவற்றில் பெரும்பகுதி அதன் பிறகு எழுந்தது.

எனவே இங்கே வருகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது, எது தப்பியது, எது திரும்பக் கட்டப்பட்டது என்ற பட்டியல். அது தெரிந்து நடந்தால் ஒரு முழு நாளும் போதாது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் முதலிலேயே களைந்துவிடலாம். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பது இன்ட்ராமுரோஸ் முழுவதும் அல்ல. உள்ளே இருக்கும் சான் அகுஸ்தின் தேவாலயம் மட்டும், பிலிப்பைன்ஸின் நான்கு பரோக் தேவாலயங்களில் ஒன்றாக 1993ல் சேர்க்கப்பட்டது. ஒரு நாளில் உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பெரும்பங்கை அந்த ஒரு கட்டடத்துக்கே ஒதுக்குங்கள் என்று நாங்கள் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

போகும் நாள், போகும் வழி

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். காசா மணிலா, ஃபோர்ட் சாந்தியாகோவுக்குள் இருக்கும் ரிசால் நினைவகம், மியூசியோ டி இன்ட்ராமுரோஸ், மதிலுக்கு வெளியே இருக்கும் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. கோட்டையும் தேவாலயமும் திறந்திருக்கும் என்பதால் "திங்கள் போனால் என்ன" என்று கிளம்பி, பாதியைப் பூட்டிய கதவாகப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. சனிக்கிழமை திருமணங்களின் நாள். சான் அகுஸ்தினில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தொடங்கும். வேலைநாட்களில் லெத்ரான், மாபுவா, லைசியம் போன்ற கல்லூரிகளின் மாணவர் கூட்டம் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைக்கும், மாலை ஐந்து மணிக்கும் தெருவை நிறைத்துவிடும். எங்கள் தேர்வு ஞாயிறு காலை. வண்டிகள் குறைவு, கல்லூரிகள் மூடியிருக்கும், தெருவின் நடுவில் நின்றுகூட மேலே பார்க்கலாம். திருப்பலி நேரங்களில் மட்டும் தேவாலயங்களுக்குள் சுற்ற முடியாது.

ஆண்டில் சில நாட்கள் தனி. புனித வியாழனன்று ஏழு தேவாலயங்களைத் தரிசிக்கும் வழக்கத்துக்காகப் பெருங்கூட்டம் இங்கே வரும். டிசம்பர் முதல் ஞாயிறு மாதா திருவுருவங்களின் பெரிய பவனி. அலங்காரத் தேர்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்க்கவே போவதென்றால் அருமையான நாள். கட்டடங்களைப் பார்க்கப் போவதென்றால் அன்று முடியாது. ஜனவரி 9 கியாப்போ திருவிழா நாள், சுற்றியுள்ள சாலைகள் அடைக்கப்படும்.

பருவம் என்று கேட்டால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச்சிலிருந்து மே வரை வெயில் கொளுத்தும், மதில்மேல் ஒரு நிழல் கிடையாது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. பழைய நடைபாதைகளில் பதித்திருக்கும் சீனக் கருங்கல் பலகைகள் ஈரமானால் சோப்பு பூசியதுபோல் வழுக்கும். மதில் படிகளில் பாசி பிடிக்கும், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. நல்ல பிடிமானமுள்ள ரப்பர் அடிக் காலணி இல்லாமல் மழை நாளில் மதிலேற வேண்டாம்.

வந்து சேர மலிவான வழி எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் முதல் தடத்தில் உள்ள சென்ட்ரல் டெர்மினல் நிலையம். அங்கிருந்து மணிலா நகர மன்றத்தை ஒட்டிய லாகுஸ்னிலாட் சுரங்கப்பாதையில் இறங்கி பாத்ரே புர்கோஸ் சாலையைக் கடந்தால் மதில் எதிரே தெரியும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிட நடை. அந்தச் சாலையைத் தரைமேல் கடக்க முயலாதீர்கள், வண்டிகள் நிற்காது. விமான நிலையத்திலிருந்து கிராப் செயலியில் அழைத்த வாடகைக் காரில் வருகிறவர்கள், தூரம் கொஞ்சம்தான் என்று நம்பி நேரத்தைக் கணக்கிட வேண்டாம். நெரிசலைப் பொறுத்து அரை மணியும் ஆகும், ஒன்றரை மணியும் ஆகும். இறங்குமிடமாக "இன்ட்ராமுரோஸ்" என்று மட்டும் போட்டால் ஓட்டுநர் ஏதாவது ஒரு வாசலில் இறக்கிவிடுவார். "ஃபோர்ட் சாந்தியாகோ" என்று போடுங்கள்.

காலை எட்டு மணி: கோட்டை

ஃபோர்ட் சாந்தியாகோவில் தொடங்குவதற்குக் காரணம் வெயில்தான். உள்ளே திறந்த முற்றங்கள் அதிகம், ஒன்பதரைக்கு மேல் கல் சூடேறிவிடும். பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 75 பெசோ, மாணவர்களுக்கு 50. சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள்.

பாசிக் ஆறு விரிகுடாவில் கலக்கும் முனை இது. ஸ்பானியர் வருவதற்கு முன் இங்கே ஆண்ட ராஜா சுலைமானின் மரக்கோட்டை இருந்த இடம். 1571ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி மணிலாவைக் கைப்பற்றி ஸ்பானிய நகரமாக அறிவித்தபின் இங்கே முதலில் எழுந்ததும் மரவேலிதான். கல்கோட்டை 1590களில் வந்தது. குதிரைமேல் வாளோங்கும் புனித யாகப்பரின் புடைப்புச் சிற்பத்தோடு நிற்கும் முகப்பு வாசலை எல்லோரும் படமெடுக்கிறார்கள். 1945ல் சிதைந்து, 1980களில் மீண்டும் கட்டப்பட்ட வாசல் அது. பக்கவாட்டு மதிலுக்கு நடந்துபோய் அதன் கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லின் வயதை அறிய ஒரு வழி இருக்கிறது. இங்கே "அடோபே" என்றால் மண்செங்கல் இல்லை. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்கல், குவாதலூப்பே போன்ற இடங்களில் வெட்டி ஆற்றுவழியே கொண்டுவந்தது. வெட்டும்போது மிருதுவாக இருப்பதால் செதுக்க எளிது, ஆனால் மழையில் மெல்ல மெல்லக் கரையும். பழைய கல் முழுக்கக் குழி விழுந்து, விளிம்பு மழுங்கி, கறுத்துப்போய் இருக்கும். இடுக்குகளில் ஆலமர வகை வேர்கள் புகுந்திருக்கும். மறுகட்டுமானக் கல்லின் விளிம்பு நேர்க்கோடு. ஒரே அளவில் அறுத்திருப்பார்கள், இடையில் சாம்பல் நிற சிமெண்டுப் பூச்சு தெரியும். ஒரு சுவரின் அடிப்பாகம் குழிவிழுந்தும் மேல்பாகம் நறுக்காகவும் இருந்தால் எந்த உயரம் வரை இடிந்தது என்று உங்களுக்கே விளங்கிவிடும். இதைக் கோட்டையில் ஒருமுறை பழகிக்கொண்டால் நாள் முழுக்கப் பயன்படும்.

ரிசால் நினைவகம் ஒன்பது மணியளவில் திறக்கும், நுழைவுச்சீட்டிலேயே அடங்கும். பிலிப்பைன்ஸ் தன் தேசிய நாயகனாகப் போற்றும் கண் மருத்துவரும் நாவலாசிரியருமான ஹோசே ரிசால் 1896 நவம்பர் முதல் டிசம்பர் 29 வரை இந்தக் கோட்டையில் சிறையிருந்தார். மறுநாள் 30ஆம் தேதி காலை பாகும்பாயன் திடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் திடல்தான் இன்றைய ரிசால் பூங்கா. கடைசிக் கவிதையை ஒரு சிறு சாராய அடுப்புக்குள் ஒளித்து வெளியே அனுப்பினார். குண்டு துளைத்த அவரது முதுகெலும்பின் ஒரு துண்டு கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். வெளியே தரையில் பித்தளையில் பதித்த காலடித் தடங்கள், சிறையிலிருந்து வாசலை நோக்கி அவர் கடைசியாக நடந்த வழியைக் காட்டுகின்றன. அவற்றை மிதித்துப் படமெடுக்கும் கூட்டம் பத்து மணிக்குமேல் சேரும். எட்டரைக்கு அங்கே நின்றால் தடங்கள் மட்டும் இருக்கும்.

ஆற்றோரக் கொத்தளமான சாந்தா பார்பராவின் நிலவறைகளுக்கும் இறங்கலாம். வெடிமருந்துக் கிடங்காகவும் சரக்கறையாகவும் கட்டப்பட்டவை, பிறகு சிறைகளாயின. 1945ல் இங்கே சுமார் 600 உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு வெள்ளைச் சிலுவை நிற்கிறது. உள்ளே கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். காற்று கனத்திருக்கும், தரை ஈரம். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மேலேயே நின்றுகொள்வது நல்லது. குழந்தைகளை அழைத்துப் போவதென்றால் இது என்ன இடம் என்று வெளியிலேயே சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பிளாசா ரோமா

கோட்டையிலிருந்து ஐந்து நிமிட நடையில் பிளாசா ரோமா. மூன்று பக்கமும் பெரிய கட்டடங்கள், எதுவும் அந்தக் காலத்தது அல்ல. ஆளுநர் மாளிகை 1863 நிலநடுக்கத்தில் விழுந்தது, அதன் பிறகுதான் ஆளுநர் மலக்கான்யாங் மாளிகைக்குக் குடிபோனார். இப்போது அந்தப் பெயரில் நிற்பது இருபதாம் நூற்றாண்டின் அலுவலகக் கட்டடம். எதிரே உள்ள பழைய நகர மன்றமான அயுந்தாமியெந்தோ பல பத்தாண்டுகள் இடிபாடாகக் கிடந்து, 2013ல் மறுபடி எழுந்து கருவூலத்துறையின் இடமானது. மணிலாவின் பேராலயமான காத்தெட்ரலின் இன்றைய கட்டடத்தை வடிவமைத்தவர் ஃபெர்னாந்தோ ஒகாம்போ, திறப்பு 1958ல். தீயிலும் புயலிலும் நிலநடுக்கத்திலும் போரிலும் அழிந்தழிந்து இதே இடத்தில் எழுந்த எட்டாவது தேவாலயம் என்று எண்ணுகிறார்கள். நுழைவு இலவசம். வண்ணக் கண்ணாடிகளுக்காக இருபது நிமிடம் போதும். தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்து போங்கள்.

சதுக்கத்தின் நடுவில் நிற்கும் சிலையைப் பெரும்பாலோர் யாரென்று கேட்பதே இல்லை. ஸ்பெயினின் நான்காம் கார்லோஸ் மன்னர். பெரியம்மைத் தடுப்பூசியைக் கடல்தாண்டி அனுப்பிவைத்ததற்கு நன்றியாக எழுப்பியது. அம்மைப்பால் கெட்டுப்போகாமல் இருக்க, அதைச் சிறுவர்களின் கையில் ஒருவர்பின் ஒருவராகக் குத்தி, உயிரோடு கப்பலில் கொண்டுவந்தார்கள். அந்தக் கதை தெரிந்தால் சிலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும்.

சான் அகுஸ்தின்

காலை பத்தேகாலுக்குள் இங்கே வந்துவிட வேண்டும். அருங்காட்சியகம் பன்னிரண்டு மணிக்கு மதிய இடைவேளைக்காக மூடி, ஒரு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். பதினொன்றரைக்கு 200 பெசோ கொடுத்து உள்ளே போய், பாதியில் வெளியே வர நேர்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ஒன்றே முக்கால் மணி நேரமாவது வேண்டும்.

"தேவாலயம் இலவசம்தானே, சீட்டு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: திருப்பலி நேரத்தில் தேவாலயக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும், மற்ற நேரங்களில் பெரும்பாலும் மூடியிருக்கும். அருங்காட்சியகச் சீட்டு எடுத்தால் பழைய துறவு மடத்தின் வழியாக மேல்மாடத்துக்குப் போய் அங்கிருந்து முழு உட்புறத்தையும் பார்க்கலாம். கீழே திருமணம் நடந்தாலும் மேலிருந்து சத்தமில்லாமல் பார்க்கலாம். ஃபிளாஷ் கூடாது.

இந்தக் கட்டடம் ஏன் கல்லில் எழுந்தது என்பதற்குப் பின்னால் ஒரு தீ இருக்கிறது. மூங்கிலும் நிப்பா ஓலையுமாக இருந்த முதல் தேவாலயம் 1574ல் லிமாஹோங் என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவனின் தாக்குதலில் எரிந்தது. மரத்தில் கட்டிய இரண்டாவது, 1583ல் இறந்துபோன ஆளுநரின் உடலை வைத்திருந்தபோது மெழுகுவர்த்திச் சுடர் துணியில் பற்றி எரிந்தது. நகரமும் சேர்ந்து எரிந்தது. அதற்குப் பிறகுதான் கல்லும் ஓடும் என்று முடிவானது. மூன்றாவது கட்டடம் 1607ல் முடிந்தது. நிலநடுக்கங்களையும் 1945 குண்டுமழையையும் தாண்டி இன்றும் நிற்பது அதுவே. மதிலுக்குள் இருந்த பெரிய தேவாலயங்களில் இடியாமல் மிஞ்சியது இது ஒன்றுதான். முகப்பைப் பாருங்கள், ஒரு பக்கம்தான் மணிக்கோபுரம். மற்றதை 1880 நிலநடுக்கம் பிளந்துவிட்டதால் இறக்கிவிட்டார்கள். அதன் 3,400 கிலோ மணி அருங்காட்சியக நுழைவில் வைக்கப்பட்டிருக்கிறது. முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் கருங்கல் சிங்கங்கள் சீனக் கைவண்ணம்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கூரையைப் பார்த்து "எவ்வளவு செதுக்கல் வேலை!" என்கிறார்கள். ஒரு செதுக்கலும் இல்லை. சமதளப் பரப்பின்மேல் வண்ணத்தால் மட்டுமே மேடுபள்ளம் காட்டியிருக்கிறார்கள். 1875ல் அல்பெரோனி, திபெல்லா என்ற இரு இத்தாலிய ஓவியர்கள் செய்த வேலை. நேர் கீழிருந்து பார்த்தால் ஏமாறுவீர்கள். மேல்மாடத்திலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் நிழல் எல்லாம் ஒரே பக்கம் விழுவது தெரியும், அப்போது பிடிபடும். அதே மாடத்தில் துறவிகள் அமர்ந்து பாடிய மோலாவே மர இருக்கைகளும் பழைய குழாய் ஆர்கனும் உள்ளன. மோலாவே உள்நாட்டு மரம், கறையான் எளிதில் தொடாது. நூற்றாண்டுகள் தாங்கியதற்கு மரத்தின் குணமும் ஒரு காரணம்.

மடத்து நடைகளில் இருக்கும் பொருட்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். தந்தத்தில் செதுக்கிய புனிதர்களின் கண்களைப் பாருங்கள், பலருக்கும் சீன முகச்சாயல் இருக்கும். செதுக்கியவர்கள் மணிலாவில் குடியேறிய சீனக் கைவினைஞர்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல் வணிகத்தில் சீனப் பட்டும் பீங்கானும் கிழக்கே போயின, வெள்ளி இங்கே வந்தது. இந்த நகரத்தின் செல்வம் முழுக்க அந்த ஒரு கடல்வழியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுவர்களில் தொங்கும் பெரிய ஓவியங்களைவிட இந்தச் சிறு தந்த உருவங்கள்தான் அதை நன்றாகச் சொல்கின்றன என்பது எங்கள் கருத்து.

தேவாலயத்துக்குள் லெகாஸ்பியின் கல்லறை இருக்கிறது. மடத்தின் பழைய உணவுக்கூடம் இப்போது கல்லறைக்கூடம். ஓவியர் ஹுவான் லூனாவின் எச்சமும் அங்கேதான். 1945ல் ஆயிரக்கணக்கானோர் இந்தச் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள், கொல்லப்பட்டவர்களின் நினைவிடமும் அங்கே உண்டு. பின்னால் பாத்ரே பிளாங்கோ தோட்டம். பிலிப்பைன்ஸ் தாவரங்களை வகைப்படுத்தி எழுதிய துறவியின் பெயரைத் தாங்கியது. சிறிய இடம், ஆனால் மரநிழலில் உட்காரக் கிடைக்கும்.

மதியமும் சாப்பாடும்

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால் மாணவர் கூட்டத்தோடு மோத வேண்டியிருக்கும். எதிரே உள்ள காசா மணிலாவை முதலில் முடித்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிடுவது நல்லது. கட்டணம் 75 பெசோ. இது பழைய வீடு இல்லை. 1850களின் ஒரு செல்வந்தர் வீட்டைப் பார்த்து 1980களில் கட்டிய நகல். ஆனாலும் போகச் சொல்கிறோம். ஏனென்றால் நிஜமான வீடுகள் எப்படி இயங்கின என்பது இங்கே தெளிவாகத் தெரியும். கீழ்த்தளம் கல், அங்கே வண்டியும் சரக்கும். மேல்தளம் மரம், அங்கேதான் குடும்பம். நிலம் ஆடும்போது கல் உடையும், மரம் வளைந்து கொடுக்கும். சன்னல் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் கப்பிஸ் என்ற மெல்லிய சிப்பி ஓடுகள், வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். பெரிய சன்னலுக்குக் கீழே தரையை ஒட்டிச் சிறு திறப்புகள் இருக்கும். மழையில் மேலே மூடினாலும் கீழிருந்து காற்று வரும். இருவர் அருகருகே உட்காரும் கழிப்பிடத்தையும் பார்க்காமல் வராதீர்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு வழி. முரால்யா தெருவை ஒட்டிய மாணவர் உணவுக்கடைகளான காரிண்டேரியாக்களில் சமைத்தவை தட்டுகளில் வரிசையாக இருக்கும், விரலால் காட்டி வாங்க வேண்டும். மலிவு, சூடு, சோறும் கிடைக்கும். பன்னிரண்டுக்கு வரிசை நீளம், ஒன்றரைக்கு நல்ல பதார்த்தங்கள் தீர்ந்திருக்கும். ஒரு மணி சரியான நேரம். இல்லையென்றால் காத்தெட்ரல் பக்கம் மொட்டைமாடிக் கஃபேக்கள். விலை கூடுதல், குவிமாடம் தெரியும் காட்சிக்குக் கொடுக்கிற காசு அது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். காய்கறிக் கூட்டு மாதிரித் தெரியும் பினக்பெத்தில் பகோஓங் என்ற உப்பிட்ட இறால் அல்லது மீன் விழுது சேரும். பச்சைப்பயறு போட்ட மோங்கோ நம் வீட்டுப் பயறுக் குழம்புபோல இருந்தாலும் பெரும்பாலும் பன்றி இறைச்சியோ கருவாடோ உள்ளே இருக்கும். "வாலாங் பாபோய்" என்றால் பன்றி வேண்டாம், "வாலாங் இஸ்தா" என்றால் மீன் வேண்டாம். அப்படிச் சொன்னாலும் மீன்சாறான பாதிஸை யாரும் மீனாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நிச்சயமாகச் சைவம் என்றால் காலையில் வாளிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு "தாஹோ" என்று கூவி வருபவரிடம் கிடைக்கும் மிருதுவான சோயாத் தயிர், வெல்லப்பாகும் ஜவ்வரிசியும் ஊற்றியது. கோட்டைக்குப் போகும் முன் ஒரு குவளை குடித்துவிட்டால் பதினொரு மணி வரை பசிக்காது.

உச்சிவெயிலில் சான் இக்னாசியோவுக்குள் போய்விடுங்கள். 1945ல் எரிந்த இயேசு சபைத் தேவாலயத்தை மறுகட்டுமானம் செய்து, மியூசியோ டி இன்ட்ராமுரோஸ் என்ற அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். குளிர்சாதனம் உண்டு, திருவுருவச் சேகரிப்பு நன்று. அரை மணி போதும்.

கலேசா ஏறலாமா?

குதிரை வண்டியான கலேசாவில் சுற்றுவது இங்கே பலருக்குக் கசப்பில் முடிகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றே. "ஐம்பது பெசோ" என்று கேட்டு ஏறுவார்கள், இறங்கும்போது அது ஒருவருக்கு, கால் மணிக்கு என்று கணக்கு மாறும். ஏறியே ஆக வேண்டும் என்றால் நான்கு விஷயங்களைத் தரையில் நின்றபடியே முடித்துக்கொள்ளுங்கள்: வண்டிக்கு மொத்தம் எவ்வளவு, எத்தனை நிமிடம், எங்கெங்கே நிற்கும், எங்கே இறக்கிவிடும். அதை அலைபேசியில் எழுதிக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பெசோ என்று தெளிவாகச் சொல்லுங்கள். வழியில் "கோட்டை இன்றைக்கு மூடல், நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்று யார் சொன்னாலும் நேரே வாசலுக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். வெயில் உச்சத்தில் குதிரையையும் நினைத்துப் பாருங்கள். எங்களைக் கேட்டால், மூங்கில் சட்டத்தில் செய்த பாம்பைக் மிதிவண்டிச் சுற்றுலா மேல். பிளாசா சான் லூயிஸில் கிளம்புகிறது, வழிகாட்டி கூடவே வருவார், விலை பலகையில் இருக்கும். நடக்கத் தெம்பிருந்தால் இரண்டும் தேவையில்லை. கோட்டையிலிருந்து தெற்குக் கோடி வரை நிற்காமல் நடந்தால் இருபது நிமிடம்தான்.

கையில் வைத்துப் படமெடுப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முக்காலி, டிரோன், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்றால் இன்ட்ராமுரோஸ் நிர்வாகத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். இல்லாமல் தொடங்கினால் காவலர் நிறுத்திவிடுவார்.

மாலை நான்கு: மதிலும் சான் டியேகோவும்

தென்மேற்கு மூலையில் பலுவார்த்தே டி சான் டியேகோ என்ற கொத்தளம். கட்டணம் 75 பெசோ, ஐந்து மணிக்கு மூடும். தோட்டத்தை விருந்துகளுக்கு வாடகைக்கு விடுவதால் சில மாலைகளில் முன்கூட்டியே அடைத்துவிடுவதும் உண்டு. காலையில் கோட்டையில் சீட்டு வாங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும் இடிபாடுதான் இங்கே முக்கியம். அந்தோனியோ செதேன்யோ என்ற இயேசு சபைத் துறவி 1586, 87ல் கட்டிய வட்டக் கோட்டை, மணிலாவின் முதல் கல்கோட்டைகளில் ஒன்று. பிறகு அதைச் சுற்றிக் கொத்தளம் எழுந்தது, வட்டம் மண்ணுக்குள் மறைந்தது. 1979ல் தொடங்கிய அகழாய்வில்தான் வெளியே வந்தது. சான் அகுஸ்தினுக்கு அடுத்தபடி, இட்டுக்கட்டாத பழங்கல்லை இவ்வளவு அருகில் பார்க்க மதிலுக்குள் வேறு நல்ல இடம் இல்லை. கூட்டமும் இங்கே வருவதில்லை.

தமிழ் வாசகர்கள் இந்த மூலையில் கொஞ்சம் கூடுதலாக நிற்க ஒரு காரணம் இருக்கிறது. 1762ல் பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தபோது சுவரை உடைத்தது இந்தக் கொத்தளத்தின் பக்கமாகத்தான். வில்லியம் டிரேப்பர் தலைமையிலான அந்தப் படை கிளம்பிய துறைமுகம் மதராஸ். அதில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். போர் அறிவிக்கப்பட்ட செய்தியே மணிலாவுக்கு வந்து சேரவில்லை. ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் ஒரு பேராயர். அக்டோபர் 6ஆம் தேதி நகரம் விழுந்தது, சான் அகுஸ்தின் உள்பட எல்லாம் சூறையாடப்பட்டன. 1764ல் பிரிட்டிஷார் கிளம்பியபோது சிப்பாய்களில் சிலர் போகவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைண்டா என்ற ஊரில் தங்கிக் குடும்பமானார்கள், அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். இந்தச் சங்கதியைச் சொல்லும் வழிகாட்டிகள் குறைவு. நீங்களே கேளுங்கள்.

அங்கிருந்து வெளியே வந்து மதில்மேல் ஏறிக் கிழக்கே நடக்கலாம். ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம், சில இடங்களில் பாதை துண்டிக்கும், இறங்கி மறுபடி ஏற வேண்டும். வெளிப்பக்கம் பச்சையாகத் தெரிவது ஒரு காலத்தில் அகழி. நோய் பரவுகிறதென்று அமெரிக்கர்கள் தூர்த்துவிட்டார்கள், இப்போது 18 குழி கோல்ஃப் திடல். ஆறு மணிக்குமேல் மதில்மேல் வெளிச்சம் குறைவு, சில மூலைகள் ஆளரவமில்லாமல் இருக்கும். தனியாக வருகிறவர்கள் அதற்குமுன் தெருவுக்கு இறங்கிவிடுவது நல்லது.

இரவுச் சாப்பாட்டை மதிலுக்குள் தேட வேண்டாம். வடக்கே பிளாசா மெக்சிகோவுக்கு வந்து ஆற்றோர நடைபாதை வழியாக ஜோன்ஸ் பாலம் ஏறினால் அக்கரையில் பினோண்டோ. மதம் மாறிய சீனர்களுக்காக 1594ல் ஸ்பானியர் ஒதுக்கிய குடியிருப்பு, இன்றைக்கும் சீனர் பேட்டைதான். பாலம் தாண்டிக் கால் மணி நடந்தால் ஒங்பின் தெரு. பல கடைகள் எட்டு மணிக்கெல்லாம் அடுப்பை அணைக்கத் தொடங்கிவிடும், ஆறரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.